மனநல ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொச்சி மாநகரின் கிழக்கே உள்ள வைட்டிலா சந்திப்பு கேரளத்தின் மிகப் பரபரப்பான சாலைச் சந்திப்புகளுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டில் இங்கு பேருந்துகளுக்கான போக்குவரத்து மையம் திறக்கப்பட்டது. 2019-இல் மெட்ரோ ரயிலும், 2023-இல் காக்கநாட்டுக்குச் செல்லும் நீர்வழி மெட்ரோ படகும் இதனுடன் இணைந்தன. இங்கு வந்திறங்கும் பயணி, தாம் செல்ல வேண்டிய ஊருக்குரிய வண்டி எது எனப் பலகையைப் பார்த்தோ அருகிலிருப்பவரைக் கேட்டோ அறிந்து ஏறுகிறார். தவறான வண்டியில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு வண்டி பிடிக்கிறார். பயணத்தையே கைவிட்டு வீடு திரும்புவதில்லை.

மனநல உதவியை நாடுவோரிடம் இந்த நிதானம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பல மாதத் தயக்கத்திற்குப் பின் ஒருவர் ஓர் ஆலோசகரிடம் செல்கிறார். அவரிடம் மனம் ஒன்றவில்லை. உடனே, "இந்தச் சிகிச்சை எனக்குப் பயன்படாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒருவர் பொருந்தாமற் போனதைச் சிகிச்சையே பொருந்தாததாகக் கருதும் இந்தப் பிழையினால் குணமடையக்கூடிய துன்பம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. தக்க ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, பொருந்தாவிடில் செய்ய வேண்டியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையும் இடைவெளியும்

பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16-இல் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உடையவர்களாய் இருந்தனர் என்று அவ்வாய்வு கண்டது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதம் நோய்க்கு நோய் மாறுபட்டாலும், பெரும்பாலான கோளாறுகளில் அது 70 விழுக்காட்டிற்கு மேல் இருந்தது.

இந்த இடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை, பணச்செலவு, ஊரார் பேச்சுக்கு அஞ்சுதல் எனப் பல காரணங்கள் உண்டு. ஒரு முறை சென்று மனம் கசந்து நின்றுவிடுவதும் அவற்றுள் ஒன்று. மருத்துவமனைகளைக் கட்டுவது அரசின் கடமை. அங்கு செல்லும் மக்கள் யாரிடம் எதற்காகச் செல்கிறோம் என்பதை அறிந்து செல்வதும் அதே அளவு இன்றியமையாதது.

யார் எத்துறையினர்?

மனநலத் துறையில் பணிபுரிவோர் பல வகையினர். பெயர்ப் பலகைகளைக் கண்டு மக்கள் குழம்புவது இயல்பே. ஆகவே, முதலில் இவர்களை வேறுபடுத்தி அறிதல் நன்று.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்பட்டமோ பட்டயமோ பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருபவர் இவரே. இவரது பெயர் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் முறையான பயிற்சி பெற்றவர். இதுவரை பெரும்பாலோர் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி வழியே வந்தவர்கள். இவர் உளச்சோதனைகளை நடத்துவார், உரையாடலையும் பயிற்சிகளையும் அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சையை அளிப்பார், மருந்து எழுதுவதில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இவர் பதிவு செய்திருக்க வேண்டும். அப்பதிவு எண்ணைக் கேட்டறிவது மரியாதைக் குறைவாகாது. மருந்துக் கடையின் உரிமச் சான்று சுவரில் மாட்டப்பட்டிருப்பதைப் போன்றே இதுவும் மக்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

மனநலச் சமூகப் பணியாளர், நோயாளியின் குடும்பம், தொழில், வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு பணியாற்றுபவர்.

ஆலோசகர் என்ற பெயர் மிகப் பரந்தது. உளவியலில் முதுகலைப் பட்டமும் பல்லாண்டு அனுபவமும் உடையவரும் இப்பெயரில் இருக்கிறார். சில வாரச் சான்றிதழ் வகுப்போடு பலகை மாட்டியவரும் இருக்கிறார். உளவியலாளர், ஆலோசகர் உள்ளிட்ட துறையினரை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 2021-இல் இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அமைப்புகள் எங்கும் முழு அளவில் வேரூன்றும்வரை, ஆலோசகரின் படிப்பு, பயிற்சி, அனுபவம் ஆகிய மூன்றையும் நாமே கேட்டறிவதுதான் பாதுகாப்பு.

எத்துறையினரிடம் செல்வது என்பது துன்பத்தின் தன்மையைப் பொறுத்தது. இல்லாத குரல்கள் கேட்பது, காரணமற்ற கடும் சந்தேகம், பல நாள் உறக்கமற்ற மிகைக் கிளர்ச்சி, உணவையும் நீரையும் மறுக்கும் அளவிலான சோர்வு ஆகியவற்றுக்கு முதலில் மனநல மருத்துவரையே காண வேண்டும். தேர்வுப் பதற்றம், துயரம், குடும்பப் பிணக்கு, மிதமான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு உளவியலாளரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ தொடங்கலாம். சிலருக்கு மருந்து, உளச்சிகிச்சை ஆகிய இரண்டுமே தேவைப்படும்.

பொருத்தம் என்பது யாது?

தகுதியுடையவர் அனைவரும் எல்லோருக்கும் பொருந்துவர் என்று சொல்ல இயலாது. உடல் நோய்க்குரிய மாத்திரை, கொடுப்பவர் யாராயினும் ஏறத்தாழ ஒரே வகையில் வேலை செய்யும். உளச்சிகிச்சையிலோ உரையாடலே மருந்து. ஆகவே, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையேயுள்ள உறவு அம்மருந்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் இவ்வுறவை மூன்று கூறுகளாகப் பகுத்தார். எதை அடைய வேண்டும் என்ற இலக்கில் இருவருக்கும் உடன்பாடு. அதற்காக என்ன செய்வது என்ற வழிமுறையில் உடன்பாடு. இருவருக்கும் இடையே நம்பிக்கை. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 300 ஆய்வுகளையும் 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் கருத்திற்கொண்டது. இவ்வுடன்பாடு வலுவாக உள்ள இடங்களில் சிகிச்சையின் பயனும் மிகுந்திருந்தது என அது கண்டது. இத்தொடர்பு அளவில் மிதமானதே. எனினும் பல்வேறு நாடுகளிலும் பல்வேறு சிகிச்சை முறைகளிலும் அது சீராகத் தென்பட்டது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நால்வகையும் இசைந்தாலன்றி நோய் தீராது என்பது அதன் உட்பொருள். நம் நாட்டு மனநல மருத்துவர்களும் இவ்வுறவைப் பற்றி ஆழ்ந்து எண்ணியுள்ளனர். டாக்டர் ஜே.எஸ். நெகி 1973-இல் எழுதிய கட்டுரையில், குரு-சீடர் உறவை உளச்சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாமா என ஆராய்ந்தார். மேலைநாட்டில் நோயாளி தாமே முடிவெடுக்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது. நம் நாட்டிலோ பலர் மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலை நாடி வருகின்றனர். இதில் எது தமக்கு ஏற்றது என்பதை எண்ணிப் பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. அதிகம் கேட்பவர் ஒருவருக்குப் பொருந்துவார். தெளிவாக வழி சொல்பவர் இன்னொருவருக்குப் பொருந்துவார்.

சிகிச்சை முறையும் கருதத்தக்கது. கை கழுவுவதையோ பூட்டைச் சரிபார்ப்பதையோ திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச் சுழல் நோய்க்கு, அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் பயிற்சி சிறந்த பலன் தருவதாக நிறுவப்பட்டுள்ளது. அத்தகைய நோயுடையவர், ஆலோசகருக்கு அம்முறையில் பயிற்சி உண்டா எனக் கேட்க வேண்டும். அன்பானவர் என்பது மட்டும் போதாது. அந்நோய்க்குரிய முறையை அறிந்தவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.

மொழியின் பங்கு

பொருத்தத்தின் கூறுகளுள் கொச்சி போன்ற நகரங்களில் தனிக் கவனத்திற்குரியது மொழியாகும். மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் வழங்கி வருகின்றன. கொச்சிக் கோட்டையின் வெளி பகுதியிலுள்ள சலவைத் துறையில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்து வருகின்றன. வாத்துருத்தியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன.

இவர்களில் பலர் சந்தையிலும் பேருந்திலும் தடையின்றி மலையாளம் பேசுவர். ஆனால் மனத்துயரைச் சொல்லும்போது நிலைமை வேறாகிறது. தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகளாதலால், ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள் ஏராளம். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் வருத்தம். தமிழில் அது குறும்பு. மலையாளத்தில் 'அவசரம்' என்பது வாய்ப்பு. தமிழில் அது விரைவு. மலையாளத்தில் 'சம்சாரம்' என்பது பேச்சு. தமிழ்ப் பேச்சு வழக்கில் அது மனைவியைக் குறிக்கும். தாயின் மனநிலையை விளக்க முயலும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் மருத்துவர் "விஷமம் உண்டோ?" என்று வினவினால், அவர் அக்கேள்வியை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மேலும், நம் மக்கள் மனத்துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே சொல்கின்றனர். நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்பார்கள். இச்சொற்களின் பின்னால் உள்ள துயரை உணர்பவரே நல்ல ஆலோசகர். ஆகவே, தாய்மொழியில் பேச இயலுமா என்ற கேள்வியைத் தயங்காமல் முதலிலேயே கேட்கலாம். இயலாத இடத்தில் குடும்பத்துச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவது முறையன்று. தாயின் துயரை மகன் வாயால் சொல்ல வைப்பது இருவருக்கும் சுமையாகும். சொல்ல வேண்டியதில் பாதி சொல்லப்படாமலும் போகும்.

பெண்கள் பெண் ஆலோசகரை விரும்புவதும், இளைஞர் தம் தலைமுறையை அறிந்தவரை நாடுவதும் இயல்பானவை. ஆனால் ஆலோசகர் தம் சாதியினராகவோ சமயத்தினராகவோ இருக்க வேண்டியதில்லை. எச்சாதியினரையும் சமயத்தினரையும் இழிவுபடுத்தாதவராக இருந்தால் போதுமானது.

முதற் சந்திப்பு

முதற் சந்திப்பு பொதுவாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும். அதற்குமுன் தம் துன்பம் எப்போது தொடங்கியது, உறக்கம், உணவு, படிப்பு, வேலை ஆகியவற்றை அது எவ்வாறு பாதிக்கிறது, தாம் உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது பயன் தரும்.

அச்சந்திப்பில் கேட்கத்தக்க கேள்விகள் சில: தங்கள் படிப்பும் பதிவு எண்ணும் யாவை? என்னைப் போன்ற துன்பமுடையவர்களுக்குச் சிகிச்சை அளித்துள்ளீர்களா? எந்த முறையைப் பின்பற்றுவீர்கள்? ஏறத்தாழ எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? கட்டணம் எவ்வளவு? வர இயலாத நாளுக்கும் கட்டணம் உண்டா? நான் சொல்வதை என் பெற்றோரிடமோ அலுவலகத்திலோ தெரிவிப்பீர்களா? நெருக்கடி நேரத்தில் யாரை அணுகுவது?

பதில்களைவிட, அவை சொல்லப்படும் விதம் பல செய்திகளை உணர்த்தும். கேள்விகளால் எரிச்சலடைபவர், நூற்றுக்கு நூறு குணமாகும் என உறுதி தருபவர், முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவர், மற்ற மருத்துவரின் மருந்தை உடனே நிறுத்தச் சொல்பவர், "இதெல்லாம் ஒரு நோயா?" என்று சிரிப்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை.

எப்போது மாற்றுவது?

இங்கு ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். சிகிச்சையில் சங்கடம் தோன்றுவது எப்போதும் பொருத்தமின்மையின் அடையாளம் ஆகாது. புண்ணைக் கழுவும்போது எரிவதைப் போன்று, மறைத்து வைத்திருந்த துயரைப் பேசும்போது மனம் நோகும். சில நாள் அழுகை வரலாம். அந்நேரத்தில் ஆலோசகரின் மீது கோபம் வருவதும் உண்டு. ஆகவே, முதற் சந்திப்பில் பெருங்குறை ஏதும் இல்லையெனில், மூன்று அல்லது நான்கு முறை சென்று பார்த்தபின் முடிவு செய்வது நன்று.

அதன்பின் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்வது அவருக்குப் புரிகிறதா? வெட்கப்படத்தக்க செய்தியையும் இவரிடம் சொல்ல முடியுமா? எதை நோக்கிச் செல்கிறோம் என்பது எனக்குத் தெரிகிறதா? சிறிதேனும் மாற்றம் தென்படுகிறதா? பதில் "இல்லை" என்பதாயின், முதலில் அதை ஆலோசகரிடமே சொல்ல வேண்டும். "தாங்கள் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை" என்பதைக் கேட்டு, தம் முறையை மாற்றிக்கொள்பவர் உண்டு. வேறொருவரைப் பரிந்துரைப்பவரும் உண்டு. நல்ல ஆலோசகர் இதை அவமதிப்பாகக் கொள்ள மாட்டார். நம் மக்கள் மருத்துவர் மனம் நோகுமே என்றஞ்சிச் சொல்லாமல் நின்றுவிடுகின்றனர். இந்த மௌனத்தால் ஆலோசகர் தம் குறையை அறிவதில்லை, நோயாளியும் குணமடைவதில்லை.

ஆலோசகரை மாற்றும்போது மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. பழைய மருத்துவச் சீட்டுகளைப் புதியவரிடம் காட்ட வேண்டும். பாலியல் நோக்கில் பேசுபவர், தொடுபவர், இரகசியத்தை வெளியிடுபவர், கடன் கேட்பவர் ஆகியோரிடம் மூன்றாம் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே விலகிப் புகார் செய்யலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றும் நிலையில் பொருத்தம் பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனைக்கோ தொலைபேசி உதவிக்கோ அந்நேரமே செல்ல வேண்டும். தேர்வைப் பின்னர் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என அது கூறுகிறது. தம் நோய், சிகிச்சை ஆகியவை பற்றி அறியும் உரிமையும், தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. இரகசியம் காக்கப்படுவதும் உரிமையே; உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு அளிக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட்டு, தண்டனைக்குப் பதிலாகப் பராமரிப்பைப் பெற வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் சிறப்பாகும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கப்பட்டன. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இத்திட்டம் செயல்படுகிறது. குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆஸ்வாசம்' திட்டமும், கல்லூரி மாணவர்களுக்கான 'ஜீவனி' ஆலோசனைத் திட்டமும் அம்மாநிலத்தில் உள்ளன.

2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழிகளில் இது கிடைக்கிறது. கொச்சியில் வாழும் தமிழர் ஒருவர் தம் தாய்மொழியில் முதற் பேச்சைத் தொடங்க இது நல்ல வாயிலாகும். கேரளத்தில் 'திசா' உதவி எண் 1056-ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'ஸ்நேகா', கொச்சியிலுள்ள 'மைத்ரி' ஆகிய அமைப்புகளில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் துயருற்றோரின் பேச்சைச் செவிமடுக்கின்றனர். இவை சிகிச்சைக்கு மாற்றாகா; எனினும் நெருக்கடி நேரத்தில் பெருந்துணை புரிவன.

அலுவலர்கள் செய்ய வேண்டுவன

இத்துறையில் பொறுப்புடைய அலுவலர்கள் செலவு அதிகமின்றிச் செய்யக்கூடிய பணிகள் சில உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையிலும் மனநலப் பணியாளரின் பெயரோடு அவரது தகுதி, பதிவு எண், அறிந்த மொழிகள் ஆகியவற்றைப் பலகையில் எழுதி வைக்கலாம். வேற்று மாநிலத் தொழிலாளர் வாழும் பகுதிகளுக்கு அவர்தம் மொழி அறிந்தவரை வாரத்தில் ஒரு நாளேனும் அனுப்பலாம். நோயாளி வேறொருவரைக் கோரினால் அதைக் குறையாகக் கொள்ளாமல் ஏற்பாடு செய்யலாம். வர வேண்டிய நாளில் வராதவர்களைத் தொலைபேசியில் விசாரித்தல் மிகவும் பயன் தரும். எத்தனை பேர் வந்தனர் என்று கணக்கெடுப்பதோடு, எத்தனை பேர் இரண்டாம் முறை வரவில்லை என்பதையும் கணக்கெடுத்தால்தான் திட்டத்தின் உண்மை நிலை புலப்படும்.

மாணவர்கள் அறிய வேண்டுவது இதுவே. உதவி கேட்பது பலவீனமன்று. கேட்ட இடத்தில் கிடைக்காவிடில் மறுபடியும் கேட்பது தவறுமன்று. ஆராய்ந்து தெரிந்தெடுத்து, தெரிந்தெடுத்தபின் நம்பிக்கை வைக்க வேண்டும் என்பதை வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமாகவே அமைத்தார். முதல் வண்டி நம் ஊருக்குச் செல்லாததாயின் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதே முறை. வீடு சேரும் வழி வேறு உண்டு.